மறுத்தவனும் குறைத்தவனும்: யோனா, சவுல் – ஓர் ஒப்பாய்வு

கீழ்ப்படியாமையைப் பற்றிச் சபைகளில் பேசும்போது பெரும்பாலும் நேரே தண்டனைக்குப் போய்விடுகிறோம். தேவன் சொன்னதைச் செய்யாதவனுக்கு இன்ன கேடு வந்தது, ஆகவே நீ செய் என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடுகிறது. மீறலுக்கும் தண்டனைக்கும் நடுவே அந்த மனிதனுக்குள் என்ன நடக்கிறது? அவன் ஜெபம் என்ன ஆகிறது, தைரியம் என்ன ஆகிறது, அவனால் பிறருக்கு ஆகவேண்டிய நன்மை எங்கே தடைபடுகிறது? வேதாகமம் இவற்றையும் நிதானமாகக் காட்டுகிறது. அதைக் கண்டுகொள்ள இரண்டு பேரை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். ஒருவன் இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுல். மற்றவன் காத்தேப்பேர் ஊர்த் தீர்க்கதரிசியாகிய யோனா.

சவுலைத் தாவீதோடு ஒப்பிடுவதே வழக்கம். அந்த ஒப்பீட்டில் சவுல் எப்போதும் இன்னொருவனின் உயர்வைக் காட்டும் நிழலாகிவிடுகிறான். யோனாவின் அருகில் வைத்தால் அவனுடைய குறை தனியாகத் தெரிகிறது. ஏனென்றால் இருவரும் தவறியது ஒரே இடத்தில்: தெளிவாகக் காதில் விழுந்த கட்டளையில். தவறிய விதம்தான் வேறு. யோனா கட்டளையை மறுத்தான். சவுல் அதைக் குறைத்தான். இரண்டில் கொடியது குறைத்தலே என்பது என் துணிவு. அதற்கான காரணங்களை வசனங்களின் வழியிலேயே பார்ப்போம்.

இரண்டு அழைப்புகள்

சவுலின் காலம் கி.மு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பென்யமீன் கோத்திரத்துக் கீசின் மகன். தகப்பனின் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் புறப்பட்டவன், தீர்க்கதரிசியாகிய சாமுவேலின் கையால் அபிஷேகம் பெற்றுத் திரும்பினான். ஜனங்கள் எல்லாரிலும் அவன் தோளுக்கு மேல் உயரமானவன். ஆனாலும் மிஸ்பாவில் ராஜாவைத் தெரிந்தெடுத்த நாளில் தளவாடங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தான். ஆரம்பத்தில் அவனிடம் தாழ்மை இருந்தது. அம்மோனியனாகிய நாகாஸ் கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊராரின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது, வயலிலிருந்து மாடுகளோடு வந்துகொண்டிருந்த சவுல்மேல் தேவ ஆவி இறங்கியது. சிதறிக் கிடந்த ஜனத்தை ஒரே மனிதனைப்போலத் திரட்டி யாபேசை மீட்டான். தன்னை அவமதித்தவர்களைக் கொல்லச் சொன்னவர்களைத் தடுத்து, இன்று இரட்சிப்பைத் தந்தவர் கர்த்தர் என்று சொன்னான். பயன்படுகிற பாத்திரம் என்று நாம் சொல்வோமே, அப்படித்தான் அவன் அன்று இருந்தான்.

யோனாவின் காலம் அதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு பிந்தியது. அவன் பெயர் யோனா புத்தகத்தில் மட்டும் வருவதில்லை. 2 இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்திலும் வருகிறது. இரண்டாம் யெரொபெயாமின் நாட்களில் இஸ்ரவேலின் எல்லைகள் மீண்டும் விரியும் என்று அவன் முன்னுரைத்தான், அப்படியே விரிந்தன. ஆகவே நினிவேக்குப் போகச் சொன்ன வார்த்தை அவனுக்கு முதல் அனுபவம் அல்ல. கர்த்தருடைய சத்தத்தை அறிந்தவன், சொன்னது நடந்ததையும் பார்த்தவன், சொந்த நாட்டில் நல்ல பெயரும் பெற்றிருக்கக்கூடியவன்.

இருவரும் ஏற்கெனவே பயன்பட்டவர்கள் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். விசுவாசமே இல்லாதவர்களின் கதையல்ல இது. நேற்று கீழ்ப்படிந்தவர்கள் இன்று மீறிய கதை.

மீறிய விதம்

யோனாவின் மீறல் ஒளிவுமறைவற்றது. அசீரியரின் நகரமாகிய நினிவே கிழக்கே, திக்ரிஸ் ஆற்றங்கரையில், இன்றைய ஈராக்கின் மோசுல் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருந்தது. காத்தேப்பேரிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். யோனாவோ மேற்கே திரும்பினான். யோப்பா துறைமுகத்துக்குப் போய், தர்ஷீசுக்குப் போகும் கப்பலைக் கண்டு, கூலியும் கொடுத்து ஏறினான். தர்ஷீஸ் ஸ்பெயினின் தென்கரையில் இருந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அன்றைய மனிதன் அறிந்த உலகின் மேற்குக் கடைசி அது. கிழக்கே போ என்றால் மேற்கே போகிறான். தரைவழி போ என்றால் கடல்வழி போகிறான். இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

சவுலின் மீறல் அப்படித் தெரியவில்லை. முதல் சம்பவம் 1 சாமுவேல் 13இல். பெலிஸ்தர் மிக்மாசில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். 30,000 இரதங்கள், 6,000 குதிரைவீரர். இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லை. சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமும் தவிர யார் கையிலும் பட்டயம் இல்லை. ஜனங்கள் குகைகளிலும் முட்காடுகளிலும் ஒளிகிறார்கள். சாமுவேல் பலி செலுத்த வரும்வரை கில்காலில் 7 நாள் காத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. சவுல் காத்திருந்தான். ஏழாம் நாளும் வந்தது. சாமுவேல் வரவில்லை. அவனை விட்டு ஜனங்கள் சிதறிப்போனார்கள். பலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நின்றார். அப்போது அவனோடு மீதியாயிருந்தவர்கள் 600 பேர். மனிதக் கணக்கில் அவனைக் குறை சொல்வது கடினம். ஏழாம் நாள் வரை காத்தான், கடைசிச் சில மணி நேரத்தில் தவறினான்.

இரண்டாவது சம்பவம் 15ஆம் அதிகாரத்தில். அமலேக்கின்மேல் யுத்தம், எதையும் மீதி வைக்கக்கூடாது என்பது கட்டளை. இன்று வாசிக்கிறவர்களை உலுக்கும் கடுமையான கட்டளை இது. அதை எளிதாக விளக்கிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவுல் அதை மீறியது இரக்கத்தால் அல்ல. அற்பமானதையும் உதவாததையும் அழித்தான். முதல்தரமான ஆடுமாடுகளையும் ராஜாவாகிய ஆகாகையும் வைத்துக்கொண்டான். வழியில் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டினான். அதே யுத்தத்தில் கேனியரை விலகிப்போகச் சொல்லிக் காப்பாற்றியவனும் அவன்தான். கவனமாக நடந்துகொள்ள அவனுக்குத் தெரியும். எங்கே லாபம் குறுக்கே வந்ததோ, அங்கே மட்டும் கட்டளை சுருங்கியது.

இங்கே இருவருக்கும் ஒரு விசித்திரமான பொருத்தம் தெரிகிறது. சவுல் தேவன் விடச் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். யோனா தேவன் பிடிக்க நினைத்த ஜனத்தைக் கைவிட நினைத்தான். ஒருவன் தன் லாபத்தையும், மற்றவன் தன் வெறுப்பையும் தேவனுடைய தீர்மானத்துக்கு மேலே வைத்தார்கள். கீழ்ப்படியாமையின் வேர் இதுவே: யாருக்கு என்ன ஆகவேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன் என்ற எண்ணம்.

கேள்வி வந்தபோது

அமலேக்கு யுத்தத்துக்குப் பிறகு கில்காலில் சாமுவேல் வந்து சேர்கிற காட்சியை மெதுவாக வாசிக்க வேண்டும். அவர் இரா முழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சவுல் முந்திக்கொண்டு ஆசீர்வாதம் சொல்லி வரவேற்கிறான். கர்த்தர் சொன்னதை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். அப்போது ஆடுகள் கத்துகின்றன, மாடுகள் இரைகின்றன. சாமுவேல் சாட்சிக்கு யாரையும் அழைக்கவில்லை. இந்தச் சத்தம் என்ன என்று கேட்கிறார். அழித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மந்தை, சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டும் சவுல் அசையவில்லை. கொண்டுவந்தவர்கள் ஜனங்கள் என்கிறான். கர்த்தருக்குப் பலியிடத்தான் என்கிறான். நான் கர்த்தருடைய சொல்லைக் கேட்டேன் என்று மறுபடியும் சொல்கிறான். அந்த உரையாடல் முழுவதிலும் கர்த்தரைச் சாமுவேலின் தேவன் என்றே மூன்று முறை குறிப்பிடுகிறான். ஒருமுறைகூடத் தன் தேவன் என்று சொல்லவில்லை. கடைசியில் பாவம் செய்தேன் என்கிறான். உடனே, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று வேண்டுகிறான். ராஜ்யம் போய்விட்டது என்று கேட்ட மனிதன் தன் மதிப்பு போகாமலிருக்க வழி தேடுகிறான்.

கப்பலில் யோனாவிடம் நடந்த விசாரணை வேறு மாதிரி. பெருங்காற்று அடிக்கிறது. மாலுமிகள் தங்கள் தங்கள் தேவர்களைக் கூப்பிடுகிறார்கள், சரக்கைக் கடலில் எறிகிறார்கள். யோனாவோ கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். மாலுமிகளின் தலைவன் வந்து எழுப்பி, உன் தேவனை வேண்டிக்கொள் என்கிறான். புறஜாதியான் தீர்க்கதரிசிக்கு ஜெபத்தை நினைவூட்டுகிறான்! யோனா ஜெபித்ததாக அங்கே எழுதப்படவில்லை. சீட்டு அவன் பேரில் விழுகிறது. நீ யார் என்று கேட்கிறார்கள். நான் எபிரெயன், சமுத்திரத்தையும் பூமியையும் உண்டாக்கின தேவனுக்குப் பயப்படுகிறவன் என்கிறான். கடலை உண்டாக்கினவரிடமிருந்து கடல் வழியாகத் தப்பப் பார்த்தவனின் வாயிலிருந்து இந்த அறிக்கை வருகிறது. அறிக்கையில் பிழையே இல்லை. வாழ்க்கைதான் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறது.

ஆனாலும் ஒரு காரியத்தில் யோனா சவுலைவிட நேர்மையானவன். இந்தப் புயல் என்னாலே வந்தது, என்னை எடுத்துக் கடலில் போட்டுவிடுங்கள் என்கிறான். ஜனத்தின்மேல் பழி போடவில்லை. கனம் கேட்கவில்லை. தான் ஓடிவந்ததை அவனே அவர்களிடம் சொல்லியிருந்தான். மறுத்தவனுக்கு மறுத்தோம் என்று தெரிந்திருந்தது. குறைத்தவனுக்குக் குறைத்தோம் என்று தெரியவில்லை; தெரிந்திருந்தாலும் அதை ஒத்துக்கொள்ளாமலிருக்கக் காரணங்கள் கைவசம் இருந்தன. கர்த்தருடைய பிள்ளைகள் நடுவே பாதிக் கீழ்ப்படிதல் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பது இதனால்தான். அது தன்னைக் கீழ்ப்படிதல் என்றே அழைத்துக்கொள்கிறது. மனந்திரும்பு என்று கேட்டால், எதிலிருந்து என்று திருப்பிக் கேட்கிறது.

இயேசு சொன்ன இரண்டு குமாரரின் உவமையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது (மத்தேயு 21). மாட்டேன் என்று சொல்லிப் பின்பு போனவனும் உண்டு. போகிறேன் ஐயா என்று சொல்லிப் போகாதவனும் உண்டு. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் யார் என்று கேட்டபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

விசுவாசத்துக்கு நேர்ந்தது

மீறலின் முதல் சேதம் பதவிக்கு வருவதில்லை, விசுவாசத்துக்கே வருகிறது. சவுலின் வாழ்க்கையில் அதைப் பயத்தின் வரலாறாகவே எழுதலாம். யாபேஸ் நாளில் அவனுக்குப் பயம் இல்லை. கில்காலில் ஜனங்கள் சிதறிப்போவதைக் கண்டு பயந்தான். அமலேக்கு விஷயத்தில் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று தானே ஒத்துக்கொண்டான். கோலியாத் 40 நாள் வந்து நின்றபோது, இஸ்ரவேலிலேயே உயரமான மனிதன் கலங்கிப்போனான். பிறகு தாவீதுக்குப் பயந்தான். கடைசியில் சூநேமில் பெலிஸ்தரின் பாளயத்தைக் கண்டபோது அவன் இருதயம் மிகவும் நடுங்கியது. தேவபயம் ஒன்று வெளியேறியதும் மற்ற எல்லாப் பயங்களும் அவனுக்குள்ளே குடியேறின.

பயத்தோடு மௌனமும் வந்தது. 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தரைப் பின்தொடரலாமா என்று கேட்டான். அன்று பதில் வரவில்லை. அதே அதிகாரத்தில் முன்னொரு நேரத்தில் ஆசாரியன் தேவனிடம் விசாரிக்கத் தொடங்கியபோது, எதிரியின் பாளயத்தில் அமளி அதிகரிப்பதைக் கண்டு, இருக்கட்டும் என்று அவனை நிறுத்தியவன் சவுல்தான். பதில் வரும்வரை நிற்காதவனுக்கு, பதில் வராத நாள் வந்தது. 28ஆம் அதிகாரத்தில் சொப்பனத்தினாலும் ஊரீமினாலும் தீர்க்கதரிசிகளாலும் பதில் இல்லை. தேசத்திலிருந்து தானே துரத்திய அஞ்சனக்காரரில் ஒருத்தியைத் தேடி, வேஷம் மாறி, இரவில் எந்தோருக்குப் போனான். பகல் முழுவதும் இரா முழுவதும் சாப்பிடாமலிருந்த ராஜா தரையில் நெடுங்கிடையாய் விழுந்துகிடக்க, அந்தப் பெண்தான் மனமிரங்கித் தன் வீட்டுக் கொழுத்த கன்றை அடித்து, மாவைப் பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டுக் கொடுத்தாள். விசுவாசம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தச் சாப்பாட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கர்த்தருடைய ஆவியைப் பெற்றவன் தானே தடைசெய்த வீட்டில் கடைசி ஆறுதலைப் பெறுகிறான்.

யோனாவின் விசுவாசம் வேறு வகையில் பாதிக்கப்பட்டது. அறிவு குறையவில்லை. கடலில் தன்னை விழுங்கிய மீனின் வயிற்றிலிருந்து அவன் ஏறெடுத்த ஜெபம் அழகானது, ஆழமானது. ஆனால் அதில் நினிவேயின் பெயரே இல்லை. ஓடிப்போனதற்கான வருத்தமும் வெளிப்படையாக இல்லை. தான் இரட்சிக்கப்பட்டதற்கு நன்றி இருக்கிறது. பிறகு 4ஆம் அதிகாரத்தில் ஓடியதன் உண்மையான காரணத்தைத் தேவனிடமே சொல்கிறான். அசீரியரின் பட்டயத்துக்கு அவன் பயந்து ஓடவில்லை. தேவன் இரக்கமுள்ளவர், மன்னித்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் ஓடினான். தேவனைப் பற்றிய உயர்ந்த சத்தியத்தை அவன் குறையாகச் சொல்கிறான். அவனுடைய தேசப்பற்று நமக்குப் புரிகிறது. அசீரியா சிறிய நாடுகளை நசுக்கிய வல்லரசு, பின்னாளில் கி.மு. 722இல் சமாரியா அதே அசீரியாவிடம்தான் விழுந்தது. ஆனாலும், தேவன் நல்லவர் என்பதை அறிந்தும் அந்த நன்மையில் மகிழ முடியாமற்போவது விசுவாசத்தின் நோய். சவுலின் விசுவாசம் செத்தது. யோனாவின் விசுவாசம் கசந்தது.

பயன்பாட்டுக்கு நேர்ந்தது

இங்கேதான் இந்த ஒப்பீட்டின் கடினமான பகுதி வருகிறது. கீழ்ப்படியாதவனைத் தேவன் பயன்படுத்தமாட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். யோனாவின் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. அவன் ஓடிப்போன அந்தப் பயணத்திலேயே கப்பலில் இருந்தவர்கள் கர்த்தருக்குப் பயந்து, பலியிட்டு, பொருத்தனை பண்ணினார்கள். பிறகு மனமில்லாமல் நினிவேக்குப் போய் அவன் சொன்ன செய்தி எபிரெயத்தில் ஐந்தே வார்த்தைகள். அதில் 40 நாள் கெடு உண்டு, நம்பிக்கை தரும் சொல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான்; மிருகங்களுக்கும் இரட்டு போர்த்தினார்கள். வேதாகமத்தில் இதற்கு நிகரான மனந்திரும்புதல் அரிது.

ஆகவே ஊழியத்தின் பலனைக் கண்டு ஊழியனின் கீழ்ப்படிதலை அளக்க முடியாது. கூட்டம் நிறைகிறது, ஆத்துமாக்கள் வருகின்றன, ஆகவே தேவன் என்னோடு சரியாகவே இருக்கிறார் என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது. நினிவே மனந்திரும்பிய நாளில் அந்த நகரத்தைச் சுற்றிலும் மகிழ்ச்சியற்றிருந்த ஒரே மனிதன் பிரசங்கியார்தான். நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டு, அது அழியுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆமணக்கின் நிழல் வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டான். 1,20,000க்கும் அதிகமானோர் தப்பியதற்கு வராத சந்தோஷம் ஒரு செடிக்கு வந்தது. தேவன் அவனைப் பயன்படுத்தினார். ஆனால் தேவனுடைய சந்தோஷத்தில் அவனுக்குப் பங்கு இல்லாமற்போயிற்று. கருவியாக இருந்தும் உடன்வேலையாளாக இல்லாத நிலை அது.

சவுலின் நிலை நேர்மாறானது. அவனுடைய பதவி போகவில்லை. தள்ளப்பட்ட பின்னும் பல வருடங்கள் கிரீடம் அவன் தலையிலேயே இருந்தது. சேனை இருந்தது, அரண்மனை இருந்தது. ஆனால் ராஜாவினால் ஆகவேண்டிய வேலை வேறு கைகளுக்குப் போயிற்று. மிக்மாசில் செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கைகால்களால் ஏறிப்போய் பெலிஸ்தரின் காவலை முறியடித்தவன் அவன் மகன் யோனத்தான். கோலியாத்தை விழவைத்தவன் ஆடு மேய்த்த வாலிபன். ராஜாவோ அந்த வாலிபனைத் துரத்துவதில் தன் சேனையைச் செலவிட்டான்.

அதன் உச்சம் ஆசாரியரின் ஊராகிய நோபில் நடந்தது. தாவீதுக்கு உதவினார்கள் என்று 85 ஆசாரியரைக் கொல்லச் சொன்னான். சேவகர் கை ஓங்க மறுக்க, ஏதோமியனாகிய தோவேக்கு அதைச் செய்தான். பிறகு அந்த ஊரிலிருந்த ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள், மாடுகள், கழுதைகள், ஆடுகள் எல்லாம் வெட்டப்பட்டன. அமலேக்கின் ஆடுகளைத் தப்பவைத்தவன் ஆசாரியரின் ஆடுகளைத் தப்பவைக்கவில்லை. கர்த்தர் சொன்னபோது பாதியில் நிறுத்தியவன், தன் கோபம் சொன்னபோது எதையும் மீதி வைக்கவில்லை. கீழ்ப்படியாதவன் எதற்கும் கீழ்ப்படியாதவனாக இருப்பதில்லை. எஜமானை மாற்றிக்கொள்கிறான், புதிய எஜமானுக்கு முழுமையாகப் பணிகிறான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எச்சரிப்பு தெளிவாகிறது. பலன் தொடரலாம், உள்ளம் காய்ந்திருக்கும்; அது யோனா. பதவி நிலைத்திருக்கலாம், வேலை போயிருக்கும்; அது சவுல். வெளியே தெரியும் இரண்டு அடையாளங்களும் ஏமாற்றக்கூடியவை.

பிறர் செலுத்திய விலை

மீறலின் விலையை மீறியவன் மட்டும் செலுத்துவதில்லை. யோனாவுக்காக மாலுமிகள் சரக்கை இழந்தார்கள். அவனைக் கடலில் போட மனமில்லாமல் கரைசேர வேகமாய்த் தண்டு வலித்தார்கள். ஒரு நகரத்தின் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவனுடைய ஒரே உயிருக்காகப் புறஜாதியார் பாடுபட்டார்கள். யாரும் சாப்பிடக்கூடாது என்று சவுல் இட்ட ஆணையினால் அவன் சேனை பட்டினி கிடந்தது. அந்த அவசர ஆணையினால் தேனை ருசிபார்த்த யோனத்தான் சாகவேண்டியிருந்தது, ஜனங்கள்தான் தப்புவித்தார்கள். கடைசியில் கில்போவா மலையில் சவுலோடு அவனுடைய மூன்று குமாரரும் விழுந்தார்கள். நண்பனாகிய தாவீதுக்காகச் சிங்காசனத்தையே விட்டுக்கொடுத்த யோனத்தானும் அவர்களில் ஒருவன்.

இதை இரண்டு பக்கமும் கூராகப் பிடிக்க வேண்டும். என் மீறல் என்னோடு போகும் என்று எண்ண எனக்கு உரிமை இல்லை. அதேபோல, புயலில் அகப்பட்ட ஒவ்வொருவரையும் பார்த்து நீ எதில் மீறினாய் என்று கேட்கவும் உரிமை இல்லை. அந்தக் கப்பலில் துன்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள். அப்படிக் கேட்டதுதான் யோபின் நண்பர்கள் செய்த தவறு. கீழ்ப்படியாமையைப் பற்றிய போதனை நம் கையில் பிறரைக் குத்தும் கோலாக மாறினால், அதுவே இன்னொரு மீறல்.

நம் சபைகளில்

இந்த இருவரும் நம்மிடையே இருக்கிறார்கள். வரதட்சணையைக் கணக்குப் பார்த்து வாங்கிவிட்டு, திருமண ஸ்தோத்திரக் காணிக்கையைத் தாராளமாகப் போடுகிற வீடு கில்காலின் ஆடுகளைத்தான் பீடத்துக்குக் கொண்டுவருகிறது. சகோதரனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பாடகர் குழுவில் நிற்பவருக்கு, காணிக்கையைப் பீடத்தில் விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்ன மத்தேயு 5ஆம் அதிகாரம் தெரியாமலில்லை. எதையும் செய்யாதவர்களாக இவர்கள் இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். நிறையச் செய்கிறவர்கள் என்பதால் யாரும் கேட்பதில்லை; அவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை.

யோனாவின் இடத்திலும் நாம் நின்றிருக்கிறோம். ஒரே ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனி இருக்கை, ஒரே விசுவாசத்தில் மரித்தவர்களுக்குத் தனிக் கல்லறை என்ற வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. இரக்கத்தைப் பற்றிய சத்தியத்தை மனப்பாடமாகச் சொல்லும் வாய், அந்த இரக்கம் இன்னாருக்குப் போவதைக் கண்டால் கசக்கிறது. நற்செய்தி அவர்களிடம் போகட்டும், என் பக்கத்து இருக்கைக்கு அவர்கள் வரவேண்டாம் என்பது நினிவேயின் கிழக்கே போட்ட குடிசைதான்.

திரும்பும் வழி

இரண்டு முடிவுகளும் வேறு. சவுலின் தலை வெட்டப்பட்டு, உடல் பெத்ஷானின் மதிலில் தொங்கவிடப்பட்டது. அதை இறக்கி அடக்கம்பண்ண இரவெல்லாம் நடந்து வந்தவர்கள் கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊரார். அவன் ஆவியினால் ஏவப்பட்டுக் கீழ்ப்படிந்த அந்த முதல் நாளில் மீட்கப்பட்டவர்கள்! 40 வருட ஆளுகையின் முடிவில் அவனுக்கு நன்றியோடு நின்றது அவனுடைய கீழ்ப்படிதலின் கனிதான். யோனாவின் புத்தகமோ தேவனுடைய கேள்வியோடு முடிகிறது. அவன் பதில் எழுதப்படவில்லை. ஆனால் கேள்வி கேட்கிற தேவன் இன்னும் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே கிருபை. சவுலுக்கு வந்தது மௌனம். யோனாவுக்கு வந்தது உரையாடல்.

ஏன் இந்த வேறுபாடு? தேவன் ஆள்பார்த்து நடந்தார் என்று சொல்ல இடமில்லை. சவுலுக்கும் தவணை இருந்தது. கில்காலில் முதல் கடிந்துகொள்ளுதலுக்குப் பிறகும் அமலேக்கு விஷயத்தில் மறுபடி கட்டளை வந்தது. தள்ளப்பட்ட பிறகும் சாமுவேல் அவனுக்காகத் துக்கித்துக்கொண்டிருந்தார். ஆனால் சவுல் ஒவ்வொரு முறையும் மீறியதை விட்டுவிட்டு வேறொன்றால் ஈடுகட்டப் பார்த்தான். கீழ்ப்படிதலுக்குப் பதிலாகப் பலி. பொறுமைக்குப் பதிலாகப் பட்டினி ஆணை. மனந்திரும்புதலுக்குப் பதிலாக மூப்பருக்கு முன்பாகக் கனம். பக்தியான காரியங்கள் அவன் வாழ்க்கையில் ஏராளம்; கேட்கப்பட்ட ஒன்றைத் தவிர.

யோனா மூன்றாம் நாள் கரையில் கக்கப்பட்டபோது இரண்டாந்தரம் வார்த்தை வந்தது. தர்ஷீசில் ஊழியம் செய் என்று வரவில்லை. இஸ்ரவேலுக்குத் திரும்பிப்போய் இன்னும் உருக்கமாகப் பிரசங்கம் செய் என்றும் வரவில்லை. எழுந்து நினிவேக்குப் போ என்று, அதே ஊரின் பெயரோடு வந்தது. கசப்போடுதான் போனான், ஆனாலும் போனான். தன் மனம் முழுவதும் சரியாகும்வரை காத்திருக்கவில்லை. போன வழியில்தான் தேவன் அவன் மனதைக் கையாளத் தொடங்கினார்.

விசுவாசம் தளர்ந்து, ஊழியம் உயிரிழந்து போனதாக உணர்கிற தேவபிள்ளைக்கு இந்த இருவரின் வாழ்க்கையும் சேர்ந்து சொல்லும் ஆலோசனை ஒன்றுதான். புதிய பொருத்தனை, நீண்ட உபவாசம், பெரிய காணிக்கை இவற்றில் தொடங்காதிருங்கள். கடைசியாகத் தெளிவாகக் கேட்டு, பிறகு ஒதுக்கிவைத்த கட்டளை எது என்று நினைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமாக இருக்கலாம். மன்னிப்புக் கேட்கவேண்டிய மனிதராக இருக்கலாம். போக மறுத்த தெருவாக இருக்கலாம். அதைக் குறைக்காமல் செய்யுங்கள். தேவன் மறுபடி பேசும்போது பெரும்பாலும் அந்த முகவரியையே மறுபடி சொல்கிறார்.